காகப் பங்கு

போன மாதப் பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் கையை உயர்த்தி, "ஐயா, லூக்கா நற்செய்தியில காகத்தைக் கவனிச்சுப் பாருங்கோ எண்டு வருகுதே, அது எங்கட காகமோ, வேற காகமோ?" என்று கேட்டார். முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சுவாமியார் வரமுடியாத ஊர்களில் செபம் நடத்தியும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தும், நோயாளிகளின் வீட்டுப் படலைகளைத் திறந்து மூடியுமே என் ஆயுள் போனது. அந்த உபதேசியார் வேலையில் என்னை நன்றாகச் சோதித்த நாள் ஒன்று அந்தக் காகத்தால்தான் வந்தது. அன்றைக்கு நேரம் போய்விட்டதால் பதில் சொல்லாமல் உங்களை அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் வாசியுங்கள். பழசானவர்கள் வாசித்தாலும் கெட்டுப்போகமாட்டீர்கள்.

எங்களுக்குப் பயிற்சி தந்த சுவாமியாருக்குக் கிரேக்கம் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். உயிரோடு இருந்தபோதே பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் கோபிப்பார், இப்போது மேலேயிருந்தும் கோபிப்பார். கரும்பலகையில் ஒரு கிரேக்கச் சொல்லை எழுதுவார், கையிலிருந்த வெண்கட்டித் தூளை அங்கியில் துடைப்பார், பிறகு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எங்களை மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை இருத்தி வைப்பார். ஒருநாள் அப்படி எழுதிய சொல் 'கொராக்ஸ்'. காகம் என்று பொருள். இன்னும் சரியாகச் சொன்னால் அண்டங்காகம். உடம்பு பெருத்து, சொண்டு தடித்து, முழுக்கக் கறுத்தது. மன்னார் மீன் சந்தையில் உங்கள் கையிலிருந்தே பிடுங்குகிற சாம்பல் கழுத்துக்காரன் அல்ல. இந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது, லூக்கா எழுதிய அந்த இடத்தில், என்றும் சொன்னார். (நானும் காகம் என்றே எழுதுகிறேன். காக்கா என்று எழுதினால் எங்கள் முஸ்லிம் சகோதரர்கள் அண்ணனைக் கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.)

அதே சுவாமியார் வகுப்பு முடிகிறபோதெல்லாம் ஒன்று சொல்வார். "வாசகத்தை விளங்கப்படுத்துங்கோ. சனத்தை விளங்கப்படுத்தாதேங்கோ. தாங்கள் ஆர் எண்டு சனத்துக்குத் தெரியும்." நாங்கள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடுவோம்.

இனி விசயத்துக்கு வாறேன். ரொட்டித் தட்டுப்பாட்டில் பாண் வாங்க வரிசையில் நின்ற காலம் அது. சண்டை என்றால் வீட்டுச் சண்டை, வேலிச் சண்டை மட்டும்தான். மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய்க்கு அங்கால் ஒரு சின்னக் குடியிருப்பு. கரைவலைத் தொழில்தான் ஊருக்குச் சோறு. வலையின் சொந்தக்காரரைச் சம்மாட்டியார் என்போம். அந்த ஊரில் ஒரே வலை, ஒரே சம்மாட்டியார். குரல் பெரியது, மீசை அதைவிடப் பெரியது. கோயிலுக்குக் கூரை போட்டவர், பஞ்சம் வந்தால் அரிசி கொடுத்தவர். கெட்ட மனிசன் என்று அவரை ஒருவரும் சொல்லமுடியாது. முன்கோபி என்று எல்லாரும் சொல்லலாம்.

வலை இழுபட்டுக் கரைக்கு வந்ததும் முதலில் கோயில் பங்கு எடுப்பார்கள். ஒரு பறி நிறைய மீன் ஒதுக்கி, மணலிலேயே ஏலம் கூறுவார்கள். பறி என்பது பனையோலையில் இழைத்த மீன்கூடை, தீவுக்கு வெளியே இருந்து வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பிறகு வலைக்குப் பங்கு, வள்ளத்துக்குப் பங்கு, கயிறு இழுத்த ஆட்களுக்குப் பங்கு. பிரிக்கிறபோது மணலில் சிதறுகிற பொடிமீனைக் காகங்கள் பார்த்துக்கொள்ளும்.

காகங்களுக்கு முந்திப் பிலோமினா வந்துவிடுவார். வங்காலையில் பிறந்து இந்தக் கரைக்கு மணம் முடித்து வந்தவர். புருசன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். வீட்டில் கயிறு இழுக்க ஆண் இல்லையென்றால் வலையில் பங்கு இல்லை, அதுதான் அந்தக் கரையின் முறை. ஆகவே பிலோமினா மணலில் விழுந்ததைப் பொறுக்கி, கழுவி, காயவைத்து, கருவாடாக்கி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். ஆரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பெரிதாக எடுக்க வேண்டி வந்ததற்குக் காரணம் பிலோமினா அல்ல. கயிறு இழுக்கிற சில கெட்டிக்காரர்கள் மீனைக் காலால் மெதுவாகத் தள்ளி மணலில் புதைத்துவிடுவார்கள், பின்னேரம் அவர்கள் வீட்டு ஆட்கள் வந்து பொறுக்குவார்கள். சம்மாட்டியார் ஒருநாள் இதைக் கண்டுவிட்டார். கத்தினார் பாருங்கள், பேசாலை வரைக்கும் கேட்டிருக்கும். "காகங்களுக்குத் தீன் போடவோ நான் வலை விடுறன்? வாற ஞாயிறு செபம் முடியக் கோயில் வளவில கூடுவம். இனிமேல் மணலில ஒருத்தரும் குனியக்கூடாது எண்டு ஊர்க்கட்டுப்பாடு போடுவம்." காலால் தள்ளினவர்கள் எல்லாரும் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் அவருக்கு முன்னால் குனிந்து நின்றவர் பிலோமினா மட்டும்தான். அவ்வளவுதான், காகம் என்ற பேச்சு அவர் தலையில் விழுந்தது. அடுத்த நாள் பிலோமினா கிணற்றடிக்குப் போகையில் பொடியன்கள் வேலிக்குப் பின்னால் நின்று 'கா, கா' என்று கத்தியிருக்கிறார்கள்.

இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் மன்னாரில் இருந்தேன். அந்த ஊருக்குப் பொறுப்பான சுவாமியார் அந்த ஞாயிறு வலையில் நல்ல மீன் பட்டதற்காக நன்றி வழிபாடு வைப்பதாகவும், லூக்காவில் காகங்கள் வருகிற பகுதியை வாசிப்பதாகவும் இந்தச் சத்தத்துக்கு முதலே ஊருக்கு அறிவித்துவிட்டார். பாடகர் குழு அதற்கேற்ற பாட்டும் பழகிவிட்டது. சனிக்கிழமை சுவாமியாருக்குக் காய்ச்சல் பிடித்தது. "நீர் போய் நடத்தும், வாசகம் நான் சொன்னதுதான்" என்று ஆள் அனுப்பினார். நானும் கொராக்ஸைப் பற்றிக் கனநாளாகப் பேச ஆசைப்பட்டவன். சந்தோசமாகச் சைக்கிளை எடுத்தேன். எதிர்காற்றில் மிதித்துக்கொண்டே பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துப் போனேன். வழியில் நின்ற கழுதைகளுக்கு அது முழுதாகக் கேட்டிருக்கும்.

கோயில் வாசலில் மூப்பர் காத்துக்கொண்டு நின்றார். கோயில் காரியங்களைப் பார்க்கிறவர், பயந்த சுபாவம், நல்ல மனம். சைக்கிளை நிற்பாட்ட விடாமலே முழுக் கதையையும் சொன்னார்.

"உபதேசியார், இண்டைக்கு நீங்கள் காகம் எண்டு வாசிச்சா, முழுச் சனமும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பாக்கும். பொடியள் வேற 'கா' எண்டு கத்துவாங்கள். சம்மாட்டியார் தன்னைத்தான் குத்திறியள் எண்டு எழும்பிப் போவார். பிறகு கூட்டத்தில என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"

"மத்தேயுவிலயும் இதே சங்கதி வருகுதுதானே. அதில பறவைகள் எண்டுதான் இருக்கு. அதை வாசிச்சுப்போட்டு, பாட்டைப் பாடி, சனத்தை அனுப்புவம்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, மூப்பர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இரண்டும் நற்செய்திதான். புத்தகத்தைச் சில பக்கம் முன்னுக்குப் புரட்டினால் காரியம் முடிந்தது. எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. இன்னொரு பக்கம் எனக்குச் சரியான கோபம். மேடையில் ஏறி, சம்மாட்டியாரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்கவேண்டும் போல நாக்குத் துடித்தது. கையில் வேதம், முன்னால் சனம், சுவாமியாரும் இல்லை. இந்த வேலையில் அதைப்போல ஆளைக் கெடுக்கிற நேரம் வேறில்லை. இவ்விடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

நான் செய்தது இது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. நேரே கோயில் பின்பக்கக் கிணற்றடிக்குப் போனேன். பிலோமினா சின்னவளின் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இண்டைக்கு வாசகத்தில காகம் வருகுது. எனக்கு இப்பதான் எல்லாம் தெரியும். வேற வாசகம் எடுக்கலாம். நீங்கள் சொல்லுங்கோ."

பிலோமினா பிள்ளையின் முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "ஆண்டவர் காகத்தைப் பற்றி என்ன சொன்னவர்?"

"அது விதைக்கிறதும் இல்லை, அறுக்கிறதும் இல்லை, ஆனாலும் கடவுள் அதுக்குச் சாப்பாடு குடுக்கிறார் எண்டு."

"அப்ப வாசியுங்கோ, உபதேசியார். நல்லாச் சத்தமா வாசியுங்கோ. பின்னுக்கு இருக்கிறவைக்கும் கேக்கோணும்."

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. மூப்பரும் நானும் எந்த மனிசியைக் காப்பாற்ற யோசித்தோமோ, அந்த மனிசிக்கு எங்கள் காப்பாற்றல் தேவைப்படவில்லை. ஒருவருக்காக ஒன்றை மறைக்க நினைத்தால் முதலில் அவரிடமே கேளுங்கள், பிள்ளைகளே. அதற்கு ஒரு குருத்துவக் கல்லூரியும் தேவையில்லை.

அங்கிருந்து சம்மாட்டியாரிடம் போனேன். கோயில் வேப்பமரத்தின் கீழ் வெள்ளை வேட்டியோடு நின்றார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

"மூப்பர் சொன்னவர். நீர் இண்டைக்கு என்னை வைச்சுக் குத்தப் போறீர், என்ன?"

"இல்லை. காகம் வாற வாசகத்தை வாசிப்பன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் எண்டு சொல்லுவன். பிறகு போய் இருந்திடுவன். உங்களைப் பற்றியும் வலையைப் பற்றியும் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

"சத்தியமா?"

"கோயில் வாசலில நிண்டு சொல்லுறன்."

"சரி. சொன்ன சொல்லில நில்லும்" என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் தன் வழக்கமான இடத்தில் போய் இருந்தார்.

வாக்குக் கொடுத்தபிறகுதான் எனக்கு விளங்கியது, என் பிரசங்கத்தில் பாதியை நானே வெட்டி எறிந்துவிட்டேன் என்று. மிச்சம் இருந்தது பழைய சுவாமியாரின் கரும்பலகை மட்டும். அதை வைத்துத்தான் அன்றைக்குச் சமாளிக்க வேண்டும்.

வாசித்தேன். காகங்கள் என்ற சொல் வந்ததும் பாய்களில் இருந்த பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. பிலோமினா நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னுக்கு ஒரு பொடியன் 'கா' என்று தொடங்கினான், தாய் பிடரியில் ஒன்று போட்டதில் அது பாதியில் நின்றது.

பிறகு சொல்லின் பொருளைச் சொன்னேன். ஆண்டவர் காலத்துக்கு முந்தியே யூதர்களின் சட்டத்தில் இந்தப் பறவை தீட்டு, தின்னவும் கூடாது, தொடவும் அருவருப்பு. கிரேக்கருக்கோ இது சாபம். ஒருவன் மேல் கோபம் வந்தால் 'காகங்களிடம் போ' என்பார்கள், நீ செத்துப் புதைக்க ஆளில்லாமல் கிட என்று அர்த்தம். நோவா பெட்டகத்திலிருந்து முதலில் விட்டதும் இதைத்தான், நல்ல பெயர் எடுத்தது பிறகு போன புறா. "ஆண்டவர் நினைச்சிருந்தா புறாவைப் பாருங்கோ எண்டு சொல்லியிருக்கலாம். மயிலைச் சொல்லியிருக்கலாம். கேக்கிற ஆக்களுக்கு ஆகாத பறவையாத் தேடி எடுத்துத்தான் சொன்னார். ஆருக்கும் வேண்டாத இதுக்கே குடுக்கிறவர், உங்களை விடுவாரோ எண்டு கேட்டார்" என்றேன். கடைசியாக எலியாவின் கதை. அரசனுக்குப் பயந்து ஆற்றங்கரையில் ஒளித்திருந்த இறைவாக்கினருக்குக் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது இந்தத் தீட்டுப் பறவைதான். பெரிய மனிசனுக்குப் பசி வந்தபோது கடவுள் காகத்தின் சொண்டில்தான் சாப்பாடு அனுப்பினார்.

இன்னும் ஒரு வசனம் அழகாகச் சொல்லி முடிப்போம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் றோசம்மாக்கா முந்திவிட்டார். அந்தக் கரையில் எல்லாரையும்விடக் கூடுதலாகப் பாய் விரித்துக் கருவாடு போடுகிறவர். காகத்துக்குக் கல்லெறிந்து எறிந்தே வலது தோள் பெருத்துவிட்டது என்று ஊர் பகிடி பண்ணும்.

"எல்லாம் சரி, உபதேசியார்" என்றார் எழும்பாமலே. "காகத்துக்குக் குடுக்கிறது கடவுள் எண்டு பேர். குடுபடுறது என்ர பாயில இருந்து."

முழுக் கோயிலும் கொல்லென்று சிரித்தது. பாடகர் குழு சிரித்தது, மூப்பர் சிரித்தார். முன்வரிசையில் சம்மாட்டியாரின் மீசை ஆடத் தொடங்கி, பிறகு தோளும் ஆடியது. புத்தகத்தை மூடிவிட்டுப் போய் இருந்துவிட்டேன். இன்றுவரை அதைவிட நல்ல முடிவு என் எந்தப் பிரசங்கத்துக்கும் வந்ததில்லை.

செபம் முடிய வளவில் கூடினார்கள். சிரித்த சனம் சண்டை பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அது ஒரு உதவி. ஆனாலும் பயம் போகவில்லை. கட்டுப்பாடு வந்தால் நாளைக்குப் பிலோமினா வீட்டில் அடுப்பு எரியாது, அது எல்லாருக்கும் தெரியும். நான் வாக்குக் கொடுத்தவன், வாயைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தோடு நின்றேன்.

பிலோமினாவே எழும்பிப் பேசினார். "சம்மாட்டியார், ஆரோ காலால தள்ளினதுக்கு என்ர கையைக் கட்டாதேங்கோ. நான் விழுந்ததைத்தான் எடுத்தனான். அதுவும் வேண்டாம் எண்டா, என்ர பிள்ளையளுக்கு வேற வழி சொல்லுங்கோ. சும்மா கேக்கேல்லை. வேலை தந்தா செய்வன்."

"வேலைதானே? அவள் இப்பவும் செய்யுறாள்" என்று றோசம்மாக்கா குறுக்கே விழுந்தார். "மாரிக்கு முதல் பிலோமினா காய்ச்சலாக் கிடந்தவள் எல்லே? விழுந்த மீன் எல்லாம் மணலில கிடந்து, இல்லாத காகமெல்லாம் இஞ்ச வந்தது. அதைத் திண்டு முடிச்சு என்ர கருவாட்டுப் பாய்க்கு வந்தது. உங்கட பாய்க்கும் வந்தது, சம்மாட்டியார். வீட்டில கேட்டுப் பாருங்கோ."

சம்மாட்டியார் மனைவியைப் பார்த்தார். மனைவி ஓம் என்று தலையை ஆட்டினார். சம்மாட்டியார் மீசையை முறுக்கினார்.

"மணலில ஒருத்தரும் குனியக்கூடாது. அதில மாற்றமில்லை" என்றார். பிலோமினா மூத்த மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். சம்மாட்டியார் முடிக்கவில்லை. "கோயில் பங்கு எடுத்த கையோட இன்னொரு பறி ஒதுக்குவம். வலையில பங்கில்லாத வீட்டுக்கு. பொறுக்கத் தேவையில்லை, நிமிர்ந்து வந்து வாங்கட்டும். கரையைத் துப்பரவாக்கிக் காகத்தைக் கலைக்கிறது பிலோமினாவின்ர பொறுப்பு. காலால தள்ளுற ஆக்களுக்கு இனிமேல் பங்கு குறையும், ஆர் எண்டு எனக்குத் தெரியும்." சிலர் மறுபடியும் வானத்தைப் பார்த்தார்கள்.

"அந்தப் பறிக்கு என்ன பேர் சொல்லுறது?" என்று மூப்பர் கேட்டார்.

சம்மாட்டியார் என் பக்கம் திரும்பினார். "காகப் பங்கு" என்றார். இந்தமுறை பிலோமினாவும் சிரித்தார்.

நான் அன்றைக்குச் சம்மாட்டியாரை மேடையில் வைத்துக் குத்தியிருந்தால் அவர் தோற்றிருப்பார், தோற்ற மனிசன் ஒருநாளும் பறி ஒதுக்கமாட்டான். அந்த வாசகத்தை மாற்றியிருந்தால் அந்தப் பெயர் வேலிக்குப் பின்னால் வசவாகவே கிடந்திருக்கும். அந்த நேரத்தில் நான் இதையெல்லாம் கணக்குப் போட்டு நடந்தேன் என்று நினைக்காதீர்கள். பழைய சுவாமியாரின் பேச்சைக் கேட்டேன், பயத்தில் இரண்டு பேரோடு முன்கூட்டியே கதைத்தேன். பயமும் சிலநேரம் நல்ல புத்தி தரும்.

அந்தப் பங்கு நின்றுபோகவில்லை. பிறகு வலை கை மாறியது. உள்நாட்டுச் சண்டை வந்தது, சனம் ஓடியது, திரும்பி வந்தது. திரும்பி வந்து முதல் வலை இழுத்த அன்றைக்கும் கோயில் பங்குக்குப் பக்கத்தில் காகப் பங்கு வைத்தார்கள். சம்மாட்டியாருக்கு அப்போது வலையும் இல்லை, வள்ளமும் இல்லை, ஒரு காலும் வாதத்தில் இழுத்துவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில்.

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிற வேலையில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். படலையடியில் மனைவி என்னைப் பிடித்து நிறுத்தினார். "காகப் பங்கு வருகுது, உபதேசியார், இவர் வாங்கமாட்டன் எண்டு திருப்பித் திருப்பி அனுப்புறார். சட்டியில ஒண்டும் இல்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

நான் உள்ளே போனேன். செபம் சொல்லி, நற்கருணை கொடுத்து, பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது. பிலோமினா, தலை நரைத்துவிட்டது, நடை மாறவில்லை. இடுப்பில் பறி. நேரே வந்து அவருக்கு முன்னால் நின்றார்.

சம்மாட்டியார் பறியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உபதேசியார், அந்த நாள் கோயிலில ஒரு கதை சொன்னீர். ஆற்றங்கரையில ஒளிச்சிருந்த மனிசனுக்கு ஆர் சாப்பாடு கொண்டுபோனது?"

நான் பிலோமினாவைப் பார்த்தேன்.

"காகம், சம்மாட்டியார்" என்றார் பிலோமினா. "அந்த மனிசன் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பிடியுங்கோ, எனக்கு வேலை கிடக்குது."

சம்மாட்டியார் இரண்டு கையையும் நீட்டினார்.